குத்துற சத்தம்

தர்சினி அக்கா, படு!

கத்தியது நான்தான். கத்திக்கொண்டே மேசைக்கு அடியில் கிடக்கிறேன். டும். சீறல். வெடி. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அம்மாவும் என் பக்கத்தில் கிடக்கிறார். கையில் சோற்றுக் கரண்டி.

பக்கத்து வீட்டுக் கமலாக்கா வாசலில் நிற்கிறார். “என்னா தம்பி, சீனப் பெருநாள் பட்டாசு லா. அதுக்குப் போயி அம்மாவையும் இழுத்துப் போட்டுட்டியா?”

இது ஜார்ஜ் டவுன், கடல் தாண்டி நாங்கள் வந்து சேர்ந்த ஊர். வாடகை பிளாட். இங்கே யாரும் ஷெல் குண்டு அடிப்பதில்லை. எனக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை.

அம்மா அழத் தொடங்குகிறார். பட்டாசு வெடிக்கும்போதெல்லாம் அதே வார்த்தை. “நான்தான் அவளைக் கஞ்சிக்கு அனுப்பினனான்.”

நடந்ததைச் சொல்கிறேன்.

வன்னி. போரின் கடைசி மாதங்கள். எனக்கு எட்டு வயது. அக்காவுக்குப் பன்னிரண்டு. அப்பா அதற்கு முன்பே ஷெல்லில் போய்விட்டார். கடற்கரை மணலில் பங்கர் குழி வெட்டி இருந்தோம். சுற்றிலும் அம்மாவின் சேலையில் தைத்த மண் மூட்டைகள்.

ஷெல்லுக்கு இரண்டு சத்தம். முதலில் தூரத்தில் ‘டுப்’ என்று கிளம்பும். அதைக் குத்துற சத்தம் என்போம். பிறகுதான் விழும். இடையில் படுக்க நேரம் கிடைக்கும். அதனால் காது கூர்மையான பிள்ளையைப் பங்கர் வாசலில் இருத்துவார்கள். எங்கள் பங்கருக்கு நான்.

அன்று காலையிலிருந்து “குத்துறான், குத்துறான்” என்று கத்திக்கொண்டே இருந்தேன். எங்களுக்குப் பக்கத்தில் எதுவும் விழவில்லை. உள்ளே இருந்த ஒரு மாமா சொன்னார். “இவனுக்கு வயிறு இரைஞ்சாலும் குத்துற சத்தம்தான்.” எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும். எனக்கு வெட்கம்.

பிறகு அமைதி. கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். அம்மா என்னைப் பார்த்தார். “ஏதும் கேக்குதோ?”

“ஒண்டும் இல்லை.”

அம்மா வாளியைக் கொடுத்தார். அக்கா மேலே ஏறினாள். அப்போது கேட்டது. டுப். மெல்லிய சத்தம். எனக்கு நிச்சயமாகக் கேட்டது. வாயைத் திறந்தேன். மாமாவைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

அக்கா கஞ்சி வரிசைக்குப் போய்ச் சேரவில்லை. வாளி மட்டும் உருண்டு பங்கர் வாசலுக்கு வந்தது.

முதல் வரியில் கத்தினேனே. அன்று கத்த வேண்டியது அது.

ஷெல் அடித்தவன் தன் பங்குக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் என் பங்கு குறையாது. எட்டு வயதுப் பிள்ளைதானே என்பார்கள். சரி. இப்போது எனக்கு எட்டு வயது இல்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. மெஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் நிறுத்திவிடுகிறேன். பல தடவை ஒன்றும் இருக்காது. சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அங்கே திறந்த வாய் வீட்டில் திறக்கவில்லை.

இன்று மேசைக்கு அடியில் திறந்தேன். “அம்மா, எனக்குக் கேட்டது. நான் சொல்லேல்லை.”

அழுகை நின்றது. வெளியே வெடி நிற்கவில்லை. அம்மா என் காதைப் பிடித்தார். திருகுவார் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் பொத்தினார். பொத்திய பிறகும் கேட்டது.

“இவ்வளவு வருசமும் இந்தப் பழியோட என்னை ஏன்டா தனிய விட்டனி?”

அதுவும் என் தவறுதான்.

போனவை: அப்பா. தர்சினி அக்கா. வீடு. அம்மாவின் தூக்கம். கடைசியை எடுத்தவன் நான்.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், ஒரு தடவை அக்காவுக்காகக் கும்பிடுங்கள். பெயர் தர்சினி. சத்தமாகச் சொல்லுங்கள்.