நேட் விமானமும் பச்சைப் பட்டும்

அகல்யா: ஊதாதீக! எச்சி தெறிக்கப் போகுது.

அருள்முருகன்: ஊதல. மூச்சு விடுறேன். அதுக்கும் உங்கிட்ட உத்தரவு கேக்கணுமா?

அகல்யா: நாலு மணிக்கு வண்டி வந்துரும். பொட்டி இன்னும் கட்டல. பொண்ணு பட்டாளத்துல ஆபீசர் ஆகுறா... அப்பன் பொம்மைக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு!

அருள்முருகன்: பொம்மை இல்ல, நேட் போர் விமானத்தோட மாடலு. ஸ்டிக்கர் இல்ல, டீகல். தண்ணியில ஊறப்போட்டு அப்பிடியே வழுக்கி விடணும். அப்பறம்... பட்டாளம் இல்ல, விமானப்படை. எத்தன தடவ சொல்றது?

அகல்யா: சரிங்க சாமி, விமானப்படை.

அருள்முருகன்: தீபலட்சுமி என்ன சொன்னா? 'பரேடுக்கு வாரப்ப அந்த நேட்ட முடிச்சுக் கொண்டாங்கப்பா, என் கூட இருக்குறவங்களுக்கெல்லாம் காட்டணும்'னு சொன்னாளா இல்லையா?

அகல்யா: சொன்னா, சொன்னா. நாந்தானே போனப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். முப்பது வருசமா அலமாரியில கிடந்த டப்பாவுக்கு இப்பத்தான் விடிஞ்சிருக்கு.

அருள்முருகன்: அந்தா, அந்தத் தண்ணிக் கிண்ணத்த இங்குட்டுத் தள்ளு... மெதுவா!

அகல்யா: டப்பாவுல இருந்த பழசத் தண்ணியில போட்டீக, அப்பளமா நொறுங்கிப் போச்சு. அன்னைக்கு உங்க மூஞ்சியப் பாக்கணுமே... மீன் கொழம்பக்கூட அப்பிடியே வச்சுட்டு எந்திரிச்சுட்டீக.

அருள்முருகன்: அதுக்கப்பறம் எங்கெங்க தேடுனேன்! சென்னையில கேட்டேன், புனேயில ஒருத்தன்கிட்ட கேட்டேன். 'ரொம்பப் பழசு சார், கிடைக்காது'ன்னுட்டான். விட்டேனா? நானே கம்ப்யூட்டர்ல வரைஞ்சு, நானே நிறம் குடுத்து, அதுக்குன்னு தாளு வரவழைச்சு, நம்ம காரைக்குடி ஸ்டிக்கர் கடையிலயே அடிச்சேன்ல... எப்பிடி?

அகல்யா: ம்... காலரத் தூக்கி விட்டுக்கங்க.

அருள்முருகன்: ஏன், தூக்குனா என்ன? எம்பொண்ணு ஆகாசத்துல போகப் போறா. பள்ளத்தூர்ல இருந்து உங்க சித்ரா அக்கா போன் போட்டுச்சு. 'எங்க தெருப் பூராம் இதே பேச்சுத்தான் தம்பி'ங்குது. இடுக்கியக் குடு.

அகல்யா: இந்தாங்க.

அருள்முருகன்: றெக்கையில கடைசிக் கொடி வட்டம்... ஆடாதடி, மேசை ஆடுது... உக்காந்துருச்சு! பாத்தியா, காவி, வெள்ளை, பச்சை... கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்குல்ல?

அகல்யா: இருக்குங்க. இப்ப ஒத்திக்கலாம்.

அருள்முருகன்: சரி, பரேடுக்கு எந்தச் சேலை எடுத்து வச்ச?

அகல்யா: இன்னும் எடுக்கல.

அருள்முருகன்: முகூர்த்தப் பட்டக் கட்டு. பச்சை உனக்கு எடுப்பு. பொண்ணு பாக்க வந்தன்னைக்கே சொன்னேன்ல?

அகல்யா: ... சொன்னீக.

அருள்முருகன்: சபையில எல்லார் முன்னாடியும் சொன்னேன்!

அகல்யா: ஆமா... எல்லார் முன்னாடியுந்தான்.

அருள்முருகன்: அவ தோள்ல பட்டை குத்த நம்மளத்தான் கூப்பிடுவாகளாம். ஒரு தோளு நீ, ஒரு தோளு நான்.

அகல்யா: அங்க வந்து அழுதுறாதீக.

அருள்முருகன்: நானா? நான் ஏன்... அகல்யா.

அகல்யா: என்னங்க?

அருள்முருகன்: இது நான் அடிச்ச தாளு இல்ல.

அகல்யா: என்னது?

அருள்முருகன்: மேல்பக்கம் எதுன்னு தெரிய ஒரு மூலைய வெட்டி வச்சிருந்தேன். மிச்சத் தாளப் பாரு, நாலு மூலையும் முழுசா இருக்கு.

அகல்யா: அது... காப்பி கொட்டிருச்சு. வையிவீகன்னு பயந்து, திரும்ப அடிச்சு வாங்கியாந்தேன்.

அருள்முருகன்: காப்பி கொட்டுன தாளு எங்க?

அகல்யா: தூக்கிப் போட்டுட்டேன்.

அருள்முருகன்: நீயா? பால் கவரையே கழுவிக் காயப்போடுறவ நீ... உள்ளதச் சொல்லு. என்ன கோளாறு?

அகல்யா: ... மாறிப் போயிருந்துச்சுங்க. காவி வெளிய இருக்கணும்ல? பச்சை வெளிய, காவி உள்ள. வால்ல ஒட்டுற பட்டையும் அப்பிடித்தான்.

அருள்முருகன்: ... அந்தக் கடைக்காரப் பய! நான் சொன்னது ஒண்ணு, அவன் அடிச்சது ஒண்ணு! போற வழியில வண்டிய நிப்பாட்டி நாலு வார்த்தை கேக்காம...

அகல்யா: அவன வையாதீக. நான் கேட்டுட்டேன். 'மாறியிருக்கேண்ணே, பாருங்க'ன்னு அப்பவே சொன்னானாம். 'எல்லாம் சரியாத்தான் இருக்கு, அடி'ன்னீகளாம். விடுங்க. இப்பச் சரியாகிப் போச்சுல்ல? அவ கூட இருக்குறவக ஒருத்தரும் ஒரு குத்தம் சொல்ல முடியாது.

அருள்முருகன்: எங்கம்மா விடலன்னுதான் நான் விமானப்படைக்குப் போகலன்னு சொல்லியிருக்கேன்ல...

அகல்யா: ஆமா. ஒத்தப் புள்ளைன்னு அத்தை அழுதாகன்னு.

அருள்முருகன்: அம்மா அழுகல. கண்ணு டாக்டரு ஒரு புத்தகத்தக் காட்டுனாரு. பூராம் கலர் கலராப் புள்ளி. உள்ள இருக்குற நம்பரப் படிங்குறாரு... எனக்கு ஒண்ணும் தெரியல. வெறும் புள்ளிதான் தெரியுது. அன்னைக்கு வெளிய வந்து வாங்குனதுதான் இந்த டப்பா. பிரிக்கவே மனசு வரல. தீபலட்சுமி மெடிக்கலுக்குப் போனப்ப எனக்கு உசுரே இல்ல. என் கண்ணு அவளுக்கும் வந்திருந்தா? அதுக்குத்தான் குன்றக்குடியில மொட்டை போட்டேன்.

அகல்யா: என் முழங்கால் வலிக்குன்னு சொன்னீக!

அருள்முருகன்: உன் முழங்காலுக்கு எவனாச்சும் மொட்டை போடுவானா?

அகல்யா: நல்லாருக்கே கதை! மொட்டை போட்டப்ப மூணு மாசம் ஊர் பூராம் சொல்லிப் பீத்திக்கிட்டேன்...

அருள்முருகன்: அவளுக்கு உன் கண்ணுடி. பக்கம் பக்கமாப் புரட்டுனாகளாம், ஒரு நம்பர் விடாமச் சொல்லிட்டா... ஆமா, உனக்கு எப்பத் தெரியும்? தரைக்கு ஆத்தங்குடிக் கல்லு பதிச்சப்ப 'நிறமெல்லாம் உன் இஷ்டம்'னேனே, அப்பவா?

அகல்யா: அதுக்கும் முந்தி.

அருள்முருகன்: ஜவுளி யாவாரம் வேணாம்னு சிமெண்டுக் கடை வச்சப்பவா?

அகல்யா: அதுக்கும் முந்திங்க.

அருள்முருகன்: அப்ப எப்பத்தான்?

அகல்யா: பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நான் கட்டியிருந்தது அரக்குச் சேலைங்க. நீங்க 'பச்சை எடுப்பா இருக்கு'ன்னதும் எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாக... உங்க பேச்சு பொய்யாயிரக் கூடாதுன்னுதான், முகூர்த்தத்துக்குப் பச்சைதான் வேணும்னு எங்கப்பாகிட்ட ஒத்தக் கால்ல நின்னேன்.