விரல் தெரியாத பாடம்

“என்ரை மகளின்ரை படிப்பைக் கெடுத்தது நீங்கள்தான்.”

நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்து இளைஞனிடம் இப்படிச் சொன்னார். அவன் சட்டையில் இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது.

“நான் என்ன செய்தனான் அக்கா?”

“நேற்றுப் பாடத்தைப் போட்டால் படம் முழுக்க மங்கல். ரீச்சரின்ரை விரல் ஒண்டும் தெரியேல்லை.”

“சிக்னல் குறைஞ்சால் படத்தின்ரை தரம் தானாய்க் குறையும் அக்கா. அப்பத்தான் பாடம் இடையிலை நிக்காது. சத்தம் கிளியராய்க் கேட்டிருக்குமே?”

“அவளுக்குக் காது கேளாது தம்பி. அந்த ரீச்சர் கையாலைதான் கதைக்கிறவ.”

பஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அவன் குரலை உயர்த்திச் சொன்னான்.

“படம் நிண்டு நிண்டு வந்தால் பிள்ளையளுக்கு எரிச்சல் வருமெண்டுதான் அப்பிடி வைச்சிருக்கினம்.”

“நிண்டால் அவள் காத்திருப்பாள். மங்கினால் என்னத்தைப் படிக்கிறது? முந்தி தரத்தை நாங்களே கூட்டி வைக்கலாம். உந்தப் புது ஆப்பிலை அதையும் எடுத்துப்போட்டியள். பெரிய கெட்டிக்காரர்!”

“அது கொழும்பிலை செய்யிற வேலை அக்கா. நான் பிள்ளையளைச் சேர்க்கிறவன் மட்டும்தான். மனேச்சரிட்டைச் சொல்லுறன்.”

“மனேச்சரின்ரை காதுக்குள்ளை சொல்லிப்போட்டுச் சும்மா இராதை. சத்தம் கேட்டால் போதுமெண்டு ஆர் முடிவெடுத்தது? எங்களிலை ஆரைக் கேட்டவை? உங்கடை பேஸ்புக் பக்கத்திலை, எல்லாரும் வாசிக்க, பதில் போடச் சொல்லு.”