வெறும் தண்ணீர்

காலை ஏழு மணி. மார்கழி. மோர்டென்ஸ்ருட்டில் ரெயில் பாதை முடிந்து, பிறகு பஸ். அந்த பஸ்ஸும் திரும்பிப் போன பிறகு காட்டோரமாக இருபது நிமிட நடை... விடிய இன்னும் இரண்டு மணித்தியாலம் கிடக்கிறது. வழியில் மூன்று விளக்குக் கம்பங்கள், அதில் ஒன்று எரியாது. சப்பாத்தின் அடியில் மாட்டிய ஆணிகள் ஐஸில் கிறிச்... கிறிச்... வேறு சத்தமே இல்லை.

கிட்ட வாருங்கள். சிவராத்திரிக்கு முழித்திருக்க ஏதாவது சொல்லச் சொன்னது நீங்கள்தான். தேவாரம் பாடுவோம் என்றபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேய்க் கதை என்றதும் போர்வையோடு வந்துவிட்டீர்கள். மிதுனா, நீயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய். பரவாயில்லை, நித்திரைதானே. அந்தத் தண்ணீர்ச் செம்பை எடுத்து உன் பக்கத்தில் வை. நடுவில் இருந்தால் யாராவது தட்டிவிடுவார்கள்.

அந்த வழியால் நடந்தவள் சிறிதேவி. புருசெத்தில் இருக்கிறாள். என் சிநேகிதன் கஜரூபனின் மனைவியுடைய தங்கை. வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்க்கிற வேலை. நடுச்சாமத்தில் ரோட்டில் ஒரு நாய்கூட இல்லாவிட்டாலும் சிவப்பு லைட்டுக்கு நிற்கிறவள். அவ்வளவு ஒழுங்கு.

காட்டோர வீட்டில் இருந்தவர் லெஸ்லி என்ற வெள்ளைக்காரர். நோர்வேஜியன் இல்லை, இங்கிலாந்துக்காரர். தொண்ணூற்றேழு வயது. இங்கே ஒருத்தியைக் கட்டி, அவளையும் புதைத்துவிட்டுத் தனியாகக் கிடந்தார். விழுங்க முடியாத வருத்தம். வெறும் தண்ணீர் கொடுத்தால் அது நேரே நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் தண்ணீரில் ஒரு மாவைக் கலந்து, கூழ் போலாக்கி, கரண்டியால் தீத்த வேண்டும். வெறும் தண்ணீர் கூடாது என்று குளிர்பெட்டிக் கதவில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது.

முதல் நாள். அவள் கதவைத் திறந்தாள். வெளியே மைனஸ் பதினான்கு, மண் கல்லாக இறுகிக் கிடக்கிறது. உள்ளே... மழையில் நனைந்த மண்ணின் மணம். அப்போதுதான் வெட்டிய மண். கூடவே சுண்ணாம்பும் ஏதோ அழுகினதும்.

கிழவர் கண்ணை மூடியபடி கிடந்தார். வாய் மட்டும் அசைந்தது.

"ஆத்தா... கொஞ்சம் தண்ணி குடு ஆத்தா."

தமிழ். அதுவும் எங்கள் தமிழ் இல்லை. நாங்கள் தண்ணி தாங்கோ என்போம். ஆத்தா என்று யாரையும் கூப்பிடுகிறோமா? இது இந்தியாக்காரரின் பேச்சு. குரலும் கிழவருடையதில்லை, இளந்தாரிக் குரல். தொண்டை வறண்டு பிளந்த குரல். சிறிதேவி மாவைக் கலந்து கரண்டியை நீட்டினாள். வாய் அதைத் துப்பியது.

இரண்டாம் நாளும் அதே கெஞ்சல். அவள் கொடுக்கவில்லை. சட்டம் சட்டம்தானே.

மூன்றாம் நாள் கிழவர் முழித்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. நீ வந்தால்தான் கேட்கிறார்கள், நோர்வேஜியர் வந்தால் கேட்பதில்லை என்றார். பிறகு சொன்னார், செய்தி வாசிக்கிற மாதிரி.

இருபது வயதில் சிப்பாயாகச் சிங்கப்பூருக்குக் கப்பலில் வந்து இறங்கியிருக்கிறார். மூன்று கிழமைக்குள் ஊர் விழுந்தது. துவக்கைச் சரியாகச் சுடக்கூட இல்லை, கையைத் தூக்கியாயிற்று. ஜப்பான்காரன் சயாம் காட்டுக்குக் கொண்டுபோய்த் தண்டவாளம் போட வைத்தான். பக்கத்து முகாமில் மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்து வந்த தமிழர்கள், பெண்சாதி பிள்ளைகளோடு. அங்கே கொலரா வந்தது. கொட்டிலைத் துப்புரவாக்கு, இருட்டுவதற்குள் குழியை மூடு, இல்லாவிட்டால் நீயும் உள்ளே என்று காவல்காரன் மூங்கிலால் அடித்தான். இருபத்தொரு பேரை இழுத்துப் போட்டார்கள். எல்லோரும் செத்திருக்கவில்லை. ஒருவன் இவருடைய காலைப் பிடித்துத் தண்ணீர் கேட்டான். இவர் இடுப்பில் போத்தல் தொங்கியது. பாதிக்குமேல் இருந்தது. கொதிக்க வைத்த தண்ணீர். அந்தக் காட்டில் அதுதான் உயிர்.

இவர் மண்ணைத் தள்ளினார். வாய்க்கு மண் வரும்வரை அவன் கேட்டுக்கொண்டே இருந்தானாம்.

சிறிதேவி கேட்டாள், இப்போது கவலையா என்று.

"இல்லை. இன்றைக்கும் கொடுக்க மாட்டேன். நீயும் கொடுத்துவிடாதே. மூச்சு முட்டிச் சாக எனக்குப் பயம்."

அன்றிரவு அவள் கண் மூடவில்லை. நான்காம் நாள் கிறிச்... கிறிச்... கதவு. மண் மணம். ஆத்தா, தண்ணி. அவள் குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் நிறையப் பிடித்தாள். மா கலக்கவில்லை. பிறகு கஜரூபனிடம் ஒரே வசனத்தில் சொன்னாள்.

"தெரிஞ்சுதான் குடுத்தனான் அத்தான்."

வாய் மடக் மடக் என்று குடித்தது. அப்போது கிழவரின் கண் திறந்தது. அது அவருடைய கண்தான், அவளையே பார்த்தது. வாயை மூட அவரால் முடியவில்லை. நெஞ்சுக்குள் கொடகொடவென்று சத்தம்... நின்றுவிட்டது.

நேர்ஸுக்குப் போன் அடித்தாள். அரை மணித்தியாலத்தில் வருகிறேன் என்றாள் நேர்ஸ். சிறிதேவி துவாயைச் சுருட்டிக் கிழவரின் நாடிக்குக் கீழே கொடுத்து வாயை மூடிவிட்டாள். திரும்பினாள்.

"எனக்கும் குடு ஆத்தா."

வேறு குரல். வாய் திறந்திருந்தது. அவள் ஊற்றினாள். பிறகு இருமிக்கொண்டு ஒருவன். பிறகு ஒரு பெண். குழாய்க்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். செத்த வாய்க்குள் கிளாஸ் கிளாஸாக. எண்ணிக்கொண்டே ஊற்றினாள். இருபது. கடைசியாக, இருபத்தோராவதாக, ஒரு குழந்தையின் குரல். கிளாஸைச் சரிக்கப் போனபோது நேர்ஸ் வந்து கையைப் பிடித்துவிட்டாள். அதிர்ச்சியில் மூளை குழம்பிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கிழவர் செத்தது வயது போனதால் என்று எழுதினார்கள். ஆனால் நேர்ஸ் தலையணையைத் தூக்கி, மெத்தையைத் தடவித் தடவிப் பார்த்தாளாம். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அவ்வளவோடு போயிருந்தால் நல்லது. சிறிதேவிக்கு ஒரு மகள், துஷ்யா. ஆறு வயது. வாயைத் திறந்தால் நோர்ஸ்க் பாஷைதான், தமிழ் வகுப்பென்றால் வயிற்றுக்குத்து வந்துவிடும். அந்தப் பிள்ளை அன்றிரவு நித்திரையில் கேட்டது.

"ஆத்தா... தண்ணி."

சிறிதேவி ஓடிப்போய்க் கிளாஸை எடுத்தாள். பிள்ளையின் வாயடியில் கொண்டுபோனாள். அங்கேயே நின்றுவிட்டாள். இந்த வாய்க்குள் ஊற்றினால் எங்கே போகும்? கிழவருக்குப் போன இடத்துக்கா? பிள்ளை கெஞ்சுகிறாள், உதடு வெடித்துப் போயிருக்கிறது, கை நீண்டு தாயின் சட்டையைப் பிடிக்கிறது...

அவள் கொடுக்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை. நமக்கு வருடத்தில் ஒரு சிவராத்திரி. அவளுக்கு ஒவ்வொரு நாளும். விடியும்வரை கட்டிலடியில் இருக்கிறாள். கையில் தண்ணீர். காது கேட்கிறது. கொடுக்கவில்லை. நானும் இப்போது அந்தக் கிழவன்தான் அத்தான் என்றாளாம். கஜரூபன் அழுதுவிட்டான். அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவ்வளவுதான். பூசைக்கு மணி அடிக்கப் போகிறார்கள், எழும்புவோம்.

மிதுனா... உன் பிள்ளை முழித்துவிட்டாள் போலிருக்கிறது. ஏதோ கேட்கிறாள்.

ஏன் அப்படியே இருக்கிறாய்? செம்பு உன் கைக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது.