ஓரம் கறுத்த படங்கள்

நாற்காலி கொடுத்ததற்கு நன்றி, ஐயா. இருபது வருடமாகக் குனிந்து அச்சுத் தேய்த்த இடுப்பு இது, நின்றால் ஒத்துழைக்காது.

எங்கள் தொழில் எளிமையானது. தங்கை மரப்பலகையில் படத்தைச் செதுக்குவாள். நான் அதன்மேல் மை உருட்டி, காகிதத்தை வைத்து, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்து எடுப்பேன். செதுக்கிய இடம் வெள்ளையாக வரும். உளி படாத இடம் கறுப்பாக வரும். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டை. மீன்கொத்தி, நாணல், தவளை என்று எதைச் செய்தாலும் அங்கேயே உட்கார்ந்து பார்த்துச் செதுக்குவாள். பலகையின் நான்கு மூலைவரை இறகுக்கு இறகு, இலைக்கு நரம்பு, எதையும் விட மாட்டாள். அவ்வளவு உழைப்பையும் கண்காட்சிக்கு வந்த ஒரு தாடிக்கார விமர்சகர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் மாதிரி இருக்கு."

போன வருடம் ஒரு பலகையில் ஓரங்களில் உளியே படவில்லை. அச்செடுத்தால் சுற்றிலும் கும்மிருட்டு, நடுவில் வட்டமான வெளிச்சம், அதற்குள் ஒரு மீன்கொத்தி. சோம்பேறித்தனம் என்று நினைத்து அவளைக் கேட்டேன்.

"முழுசா செதுக்கிட்டேனே அண்ணா" என்றாள்.

தாடிக்காரர் அந்தப் படத்தின் முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இயற்கையோட இருட்டைத் தொட்டுட்டீங்க" என்றார். எதைத் தொட்டோம் என்று எனக்கு விளங்கவில்லை. அடக்கமாகத் தலையாட்டினேன்.

விளக்கியது கண் டாக்டர். கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கி வருகிறது என்றார். போனது திரும்பாது. காலையும் இரவும் சொட்டுமருந்து விட்டால் இதோடு நின்றுவிடும்.

இதோடு நின்றுவிடும். அந்தச் சொல்தான் என்னை யோசிக்க வைத்தது. அடுத்த கண்காட்சியில் இன்னும் ஆழமான இருட்டை எதிர்பார்ப்பதாகத் தாடிக்காரர் எழுதியிருந்தார்.

முதல் குப்பி பாதி தீர்ந்திருந்தபோது மிச்ச மருந்தைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் நிரப்பினேன். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர். சுத்தத்தில் நான் குறை வைத்ததில்லை. வேளை தவறாமல் நானே அவள் முகத்தை நிமிர்த்திச் சொட்டு விட்டேன். தங்கையைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டான் என்று அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"முன்னாடி எரிஞ்சுது, தொண்டையில கசந்துச்சு. இப்ப ஒண்ணுமே தெரியலையே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பழகிடுச்சும்மா."

"அப்போ குணமாகுதுன்னு அர்த்தமா?"

"பின்ன?"

அன்று முழுக்கப் பாடிக்கொண்டே செதுக்கினாள். அந்தத் தவளைதான் எங்கள் படங்களிலேயே சிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

படத்துக்குப் படம் வட்டம் சுருங்கியது. புகழ் பெருகியது. கதவு நிலையில் மோதி அவள் நெற்றி வீங்கியபோது ஒத்தடம் கொடுத்தது நான்தான். இரண்டு முறை உளி இடது கையில் இறங்கியது. கட்டுப் போட்டுவிட்டுப் பலகையையும் உடனே துடைத்தேன்; ரத்தம் காய்ந்துவிட்டால் மை சீராகப் பிடிக்காது.

டாக்டரிடம் போகலாம் என்றபோதெல்லாம், கண்காட்சி முடியட்டும் என்றேன். அவளுக்குப் பொறுமை போதவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, குப்பியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் அதில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாராம். கசக்கவில்லையாம்.

திரும்பி வந்தவள் கையை நீட்டி என் முகத்தைத் தேடித் தடவினாள்.

"நீதானா அண்ணா?"

நான்தான் என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். ஏழு மாதம், ஒரு வேளைகூடத் தவறவில்லை. வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு இன்னும் சட்டைப் பொத்தான் அளவு பார்வை மிச்சமிருக்கிறது என்றீர்களே, அதை வீணாக்க வேண்டாம். யாராவது ஒரு பலகையைக் கொடுத்து, அது இருக்கும்போதே ஏதாவது செதுக்கச் சொல்லுங்கள். அச்செடுத்து இங்கே கொண்டுவந்தால், வழக்கம்போல் கீழே என் பெயரை நானே எழுதித் தருகிறேன்.