பேரை மட்டும் மாற்றும் பிளாப்பி

“பேரை மட்டும் மாத்தினா போதும்” என்றார் முன் சீட்டுக்காரர். எண்பதுகளின் கடைசியில், படப்பை போகும் பஸ். வீட்டிலேயே வேலை விண்ணப்பங்கள் டைப் அடித்துக் கொடுப்பவர். இப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்; அதில் போட்டு ஓட்டும் புரோகிராம் தகடான பிளாப்பியை இன்னும் வாங்கவில்லை. பக்கத்தில் மனைவி.

“கணக்குப் போடுற பிளாப்பி நமக்கு வாணாம். லெட்டர் அடிக்கிறது ஒண்ணு போதும். ஒருவாட்டி அடிச்சி வெச்சிக்கினா, நூறு பேருக்கு அதையே எடுக்கலாம்.”

“எல்லாம் ஒரே மாதிரி இருந்தா கம்பெனியில இன்னா நெனைப்பாங்க?”

கேட்ட அந்த அம்மாளே தொடர்ந்தாள்.

“நம்ம பொண்ணு எஸ்தருக்கு வேலை இல்லன்னு கம்பெனி லெட்டர் வந்துதே, எதிர் வூட்டுப் பொண்ணுக்கும் அதே லெட்டர்தான். ஒரு எழுத்து மாறல. பேருதான் வேற.”

பஸ் வடக்குப்பட்டைத் தாண்டியது.

“அப்ப இதையே வாங்கிடலாம். கம்பெனியிலயே இதான் வெச்சிகினு கீறாங்க” என்றார் அவர்.