வெளிய போவக்கூடாத பேச்சு

இரு வள்ளி, உள்ள அப்பறம் போவலாம். இன்னும் நாற்காலி போட்டு முடியல. மாமனாரு கூப்புட்டாருன்னு மதிச்சி இம்மாந்தூரம் வந்தியே, அதுவே பெருசு. உங்க அத்தையா? அவ வரலம்மா. நான் பென்ஷன்காரங்க மீட்டிங்குக்கு போறதா நெனச்சிக்கினு இருக்கா.

சிரி, சிரி. இங்க வர்ற எல்லாருமே பொய் சொல்லிட்டுதான் வர்றாங்க. ஊட்ல ஒருத்தர் தன் உசுர தானே போக்கிக்கினா, அத்தப் பேசி அழ ஒரு கூட்டம் இருக்குதுன்னா எந்த ஊரு ஒத்துக்கும்? அதான் திருப்பதியில வெச்சேன். மலைக்கு போறேன்னா எவனும் ஏன்னு கேக்கமாட்டான். புத்தலப்பட்டு பாஸ்கரு, ஊட்ல நம்பணுமேன்னு மொட்டையே அடிச்சிக்கினாரு. சாவு நடந்து வருஷம் திரும்பாத ஊட்டுக்காரங்கதான் பாவம். மலை ஏறக்கூடாதே, வேற பொய் தேடணும்.

இரும்மா, அவசரப்படாத. ரிடயர்டானாலும் ஹெட்மாஸ்டரு இல்லியா, சங்கம் ஆரம்பிக்கசொல்லவே ரூல்ஸ் எழுதி ஒட்டிட்டேன். யாரும் யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது. அத்த மீறுறது நான் ஒருத்தன்தான். உள்ள பேசினது வெளிய போவக்கூடாது. அது எனக்கு ரொம்ப சவுகரியமான ரூலு.

ஒரு சாவுக்கு ஒரே காரணம் கெடையாது, ஒருத்தர் தலையில பழிய போடாதீங்கன்னு வாராவாரம் லெக்சர் அடிக்கிறேன். கிரணோட காரியத்தன்னிக்கி, நீதான்டி என் புள்ளய துன்னுட்டன்னு உன்ன பாத்து உங்க அத்த கத்தினாளே, அன்னிக்கி இந்த ஞானம் எங்க போச்சி? பந்தியில ரசம் கேக்கறாங்கன்னு வாளிய தூக்கிக்கினு போயிட்டேன்.

இல்லம்மா, அதுக்கு மன்னிப்பு கேக்க வரச்சொல்லல. அது நீ கண்ணால பாத்ததுதானே.

நீ பாக்காதது இன்னான்னா, போறதுக்கு முந்தின வாரம் கிரண் என்கிட்ட வந்தான். நைனா, என்னால முடியல, மனசு டாக்டருகிட்ட கூட்டிக்கினு போன்னான். சித்தூர்ல பாதி பேரு என்கிட்ட படிச்சவங்க. அந்த டாக்டரு வாசல்ல எவனாச்சும் பாத்துட்டா? என் ஸ்கூல்ல பரீட்ச முடியட்டும், பாக்கலாம், வள்ளிக்கு மட்டும் சொல்லாதன்னேன். என் பேச்ச தட்டாத புள்ள. உன்கிட்ட சொல்லவே இல்லியே.

உள்ள இருக்கற அத்தன பேருக்கும் இது தெரியும். உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியாது. அவங்க மூஞ்சிய பாத்து நீ தெரிஞ்சிக்கக்கூடாதுன்னுதான் வாசல்லயே நிக்கவெச்சேன்.

நாற்காலியெல்லாம் அப்பவே போட்டாச்சிம்மா. நீ போய் ஒக்காரு. நான் இங்கயே இருக்கேன்.