மரியாதையாக ஒரு போன்

நீடாமங்கலத்தில் புறப்பட்ட திருத்துறைப்பூண்டி பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு நிலக்காரர்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் நிலப் பத்திரங்கள் வைத்த பை.

"நான்தான் பேசுறேன்னா காளிமுத்து நம்ப மாட்டேங்கிறான், மாப்ள" என்றார் அவர்.

"உங்க வயல்ல வேலை பார்த்த காளிமுத்தா?"

"அவனேதான். அவன் மவதான் நம்மூருக்குப் புது வி.ஏ.ஓ. பயிர் இன்சூரன்ஸுக்கு அது கையெழுத்துப் போடணும். நாளைக்குக் கடைசி நாள்."

"நேரா போய்க் கேளுங்க, மச்சான்."

"அது நாற்காலியில உக்காந்திருக்க, நான் போய் எதுக்க நிக்கிறதா? அதான் அவங்கப்பனுக்குப் போன் போட்டேன். காலம் மாறுனது நமக்கும் தெரியும்ல? 'வணக்கங்க, நல்லா இருக்கீங்களா, உங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க'ன்னேன்."

"என்ன சொன்னான்?"

"யாருன்னு கேட்டான். பேரைச் சொன்னேன். 'அவரு இப்படியெல்லாம் பேச மாட்டாருங்க, யாரை ஏமாத்துறீங்க'ன்னு வச்சுட்டான். முப்பது வருஷமா கேட்ட குரல், மாப்ள!"

"திரும்பப் போட்டு, 'டேய், நான்தாண்டா'ன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா உடனே தெரிஞ்சுக்குவான்" என்றார் அவர், பையை இறுக்கிப் பிடித்தபடி. "அப்புறம் கையெழுத்து யாரு போடுவா?"